கடலை விட்டுப் பத்து கிலோமீட்டர்: கெத்-இந்தார் மீனவர்களுக்காக ஒரு திறந்த மடல்

உலக வங்கியின் சேன் லூயி திட்டக் குழுவினருக்கும், அந்தத் திட்டத்தைக் களத்தில் நடத்தும் செனகல் நகராட்சி வளர்ச்சி முகமையினருக்கும்,

வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். செனகல் நாட்டில் சேன் லூயி நகரத்தை ஒட்டிய மீனவர் ஊரான கெத்-இந்தார் கரையில் கடலை ஒட்டி இருபது மீட்டர் அகலத்துக்கு வீடுகளை இடித்து ஒரு பட்டையைக் காலி செய்யும் வேலையை நீங்கள் செய்துவருகிறீர்கள். கடல் ஏறி வருகிறது, ஆட்களை நகர்த்தாவிட்டால் உயிர் போகும் என்பது உங்கள் காரணம். அதை நான் மறுக்கப்போவதில்லை. கேட்பது வேறு. காலியாகும் அந்தப் பட்டை நாளைக்கு யாருடையது? படகு ஏற்றி வைக்க, வலை காயப்போட, மீன் இறக்க, கருவாடு போட அது அந்த ஊர்க்காரர்களுக்கே உரியது என்று சட்டப்படி எழுதிக் கொடுப்பீர்களா? வீட்டுக்குப் பதில் வீடு கொடுத்தோம், கணக்கு தீர்ந்தது என்று நீங்கள் கோப்பை மூடுவதற்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும்.

நான் எழுதுவது புதுச்சேரியிலிருந்து. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஒரு மீனவர் ஊரைப் பற்றி இங்கிருந்து ஒருத்தி ஏன் எழுதவேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம், இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களும் நினைக்கலாம். எங்கள் ஊருக்கும் சேன் லூயிக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இந்தக் கரையில் நெய்து, அவுரிச் சாயம் ஏற்றிய நீலத்துணி கப்பலேறி பிரான்ஸ் வழியாக செனகல் ஆற்றுக்குப் போனது. அங்கே அது வெறும் துணி இல்லை, காசு. பாலைவனத்து மூர் வணிகர்கள் கொண்டுவந்த கருவேல இனத்துப் பிசினுக்கு விலை இந்த நீலத்துணியில்தான் பேசப்பட்டது. அந்தப் பிசின் ஐரோப்பிய ஆலைகளுக்குப் போய் அங்கே துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தியது. நம் பக்கத்து நெசவாளரும் சாயக்காரரும் உழைத்த உழைப்பு இப்படி ஒரு சுற்று சுற்றியிருக்கிறது, ஆனால் இந்தக் கதை இங்கே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. இரண்டு ஊரையும் ஒரே பிரெஞ்சு அரசு ஆண்டது, இரண்டு ஊரிலும் மஞ்சள் சுவர் வீடுகளைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், இரண்டு கரையையும் கடல் அரிக்கிறது. எழுத இது போதும் என்று நினைக்கிறேன்.

ஊரைப் பார்க்காத நம் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செனகல் ஆறு கடலில் சேர்வதற்கு முன்னால் தெற்கே திரும்பி, கடலுக்கு இணையாகக் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. ஆற்றுக்கும் அட்லாண்டிக்குக்கும் நடுவில் நாக்கு நீட்டியதுபோல ஒரு மணல்திட்டு, லாங் த பார்பரி என்று பெயர். ஆற்றின் நடுவே இருக்கும் சிறு தீவில் பிரெஞ்சுக்காரர்கள் 1659இல் கோட்டை கட்டினார்கள், அதுதான் சேன் லூயி. வோலோஃப் மொழி பேசும் மக்களுக்கு அந்தத் தீவின் பெயர் இந்தார். தீவிலிருந்து மேற்கே ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினால் மணல்திட்டு, அதன் மேல்தான் கெத்-இந்தார். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் சில நூறு மீட்டர் மணல், அதில் சுமார் 25,000 பேர். ஆப்பிரிக்காவிலேயே நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று. ஒரே வளவில் மூன்று நான்கு தலைமுறை, இடம் போதாமல் முறை வைத்துத் தூங்குவது, சந்தில் கட்டிய ஆடுகள், மீன் ஏற்றிப்போகும் குதிரை வண்டிகள், நாள் முழுக்கப் புகை. தீவை யுனெஸ்கோ 2000இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கெத்-இந்தார் அந்தத் தீவில் இல்லை, பாலத்தைத் தாண்டி மணல்திட்டில் இருக்கிறது. கவர்னர் மாளிகையும் மரப் பலகணி வீடுகளும் மரபு, அவற்றுக்குச் சோறுபோட்ட மீனவர் ஊர் நெரிசல் பகுதி. இந்தப் பாகுபாடு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

சேன் லூயியின் வரலாறு எழுதுபவர்கள் கவர்னர்களையும் வணிகர்களையும் எழுதுவார்கள். 1895இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதுக்கும் தலைநகரானது, 1902இல் அந்தப் பட்டம் டக்காருக்குப் போனது, மௌரித்தானியாவின் நிர்வாகம்கூட 1950களின் கடைசி வரை இங்கிருந்துதான் நடந்தது என்றெல்லாம். சரி, எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஊருக்கு வந்த கப்பல்கள் ஆற்றுக்குள் எப்படி நுழைந்தன? செனகல் ஆற்றின் முகத்துவாரம் பொல்லாதது. மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும், அலை உடையும், நேற்று இருந்த வழி இன்று இருக்காது. அந்த வழியை அறிந்தவர்கள் கெத்-இந்தார்க்காரர்கள். வழிகாட்டவும் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே சரக்குக் கடத்தவும் அவர்கள் கை தேவைப்பட்டது. அந்த நகரம் நின்றதே இவர்களின் கடல் அறிவின் மேல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மனு எழுதும் பழக்கம் அந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுப் புரட்சி ஆண்டான 1789இல் பிரான்சில் மக்கள் மன்றம் கூடுகிறது என்று தெரிந்ததும், சேன் லூயி குடிமக்கள் தங்கள் குறைகளை எழுதிக் கடல் தாண்டி அனுப்பினார்கள். செனகல் கம்பெனிக்குக் கொடுத்த ஏகபோக உரிமை எங்களை நசுக்குகிறது என்பதுதான் அந்த மனுவின் சாரம். எங்கோ இருக்கும் ஒரு கம்பெனி எங்கள் ஆற்றையும் கடலையும் வளைத்துக்கொண்டது என்ற அந்தக் குறை இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது தொழில். இந்த ஊர் மீனவர்கள் செனகலிலேயே திறமைக்குப் பேர்போனவர்கள். இருபது மீட்டர் வரை நீளும் மரப்படகுகள், பக்கவாட்டில் கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள், மார்க்கப் பெரியவர்களின் பெயர், கொடிகள். சாளை இனத்து மீன்களுக்கு நம் ஊரில் சுருக்குமடி என்கிறோமே அதே வலை, களவாய்க்குத் தூண்டில். பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் பத்து நாள் என்று தங்கலுக்குப் போகிறவர்களும் உண்டு, வடக்கே மௌரித்தானியா, தெற்கே காம்பியா, கினி-பிசாவு வரைக்கும். மீன் விற்ற காசில் எரிபொருள், சாப்பாட்டுச் செலவு கழித்து மீதி பங்கு: படகுக்கு, எஞ்சினுக்கு, வலைக்கு, ஆளுக்கு. நாகப்பட்டினத்துக்காரருக்கோ தரங்கம்பாடிக்காரருக்கோ இதை விளக்கவேண்டியதே இல்லை.

படகு கரை ஏறினதும் தொழில் பெண்கள் கைக்கு மாறுகிறது. உங்கள் திட்ட ஆவணங்களில் இவர்கள் 'பாதிக்கப்பட்ட குடும்பத்தின் உறுப்பினர்' என்று ஒரு வரியில் போய்விடக்கூடாது என்பதற்காகவே இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மீனை வாங்குவது, பேரம் பேசுவது, உப்பிட்டுப் புளிக்கவைத்துக் கருவாடாக்குவது, சுட்டு எடுப்பது, உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்புவது எல்லாம் பெண்கள். செனகல் நாட்டின் சோறே அந்த மீனில்தான் நிற்கிறது. மீனும் சோறும் சேர்த்துச் சமைக்கும் செபு ஜென், அந்த நாட்டின் தேசிய உணவு, பிறந்த இடமாகச் சொல்லப்படுவதே சேன் லூயிதான், யுனெஸ்கோ அதை 2021இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குழம்பில் மணத்துக்குப் போடும் கருவாடு இந்தப் பெண்களின் கையிலிருந்து வருவது. படகு புறப்படும் முன் எரிபொருளுக்கு முன்பணம் கொடுப்பவர்களும் இவர்களில் இருக்கிறார்கள், அந்தப் படகு திரும்பும்போது மீன் முதலில் அவர்களுக்கு. வங்கி கிடையாது, பத்திரம் கிடையாது, கரையில் நின்று முகம் பார்த்துச் செய்யும் நம்பிக்கை. படகு எப்போது வரும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, விடிகாலையிலும் வரும் நடு இரவிலும் வரும், அப்போது கரையில் இருப்பவளுக்குத்தான் மீன். பத்து கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்தால் அவள் தொழில் என்னவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

ஏற்கனவே அவர்களுக்குக் கிடைக்கும் மீன் குறைந்துவருகிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன்னுக்கும் மேல் மீன், மனிதர் தின்னக்கூடிய மீன், மாவாகவும் எண்ணெயாகவும் அரைபட்டு வெளிநாட்டுப் பண்ணை மீன்களுக்குத் தீவனமாகப் போகிறது என்று கிரீன்பீஸ் 2021இல் சொன்னது. அரைபடுவதில் பெரும்பங்கு இந்தச் சாளை இனம்தான். ஆலைக்காரன் லாரியோடு வந்து நின்றால் முன்பணம் கொடுத்த பெண் என்ன விலை கேட்க முடியும்?

அப்புறம் அந்த ஊரின் மற்ற உயிர். ஆற்றுக்குக் காவலாக மாம் கும்பா பாங் என்ற நீர்த்தாய் இருக்கிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. தொழுகை தவறாத முஸ்லிம்கள்தான், ஆனாலும் அவளுக்குப் பால் ஊற்றுவார்கள். எங்கள் கரையில் கடலம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் படகைத் தள்ளுகிறோம், அதனால் எனக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை. ஊர் மூன்று பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது: லோதோ, போந்தோ ஹோலே, தாக். ஆற்றில் நடக்கும் படகுப் போட்டியில் இந்தப் பகுதிகள் மோதிக்கொள்ளும், கரை நிறைந்து பெண்கள் பாட்டும் பறையுமாக நிற்பார்கள். 1895இல் பிரெஞ்சுக்காரர்கள் நாடு கடத்துவதற்கு முன் அகமது பம்பா என்ற ஞானி கவர்னர் மாளிகையிலேயே இரண்டு ரக்அத் தொழுதார் என்ற நினைவில் ஒவ்வொரு செப்டம்பர் 5 அன்றும் சேன் லூயியில் பெருங்கூட்டம் கூடுகிறது. கெத்-இந்தாரின் தெற்கே மீனவர்களின் மையவாடி. கபர்களின் மேல் மீன்வலையைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். அந்த மையவாடியை எந்த மாற்றுக் குடியிருப்பிலும் கட்டித்தர முடியாது, அதற்கு மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டமும் கிடையாது.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், இந்த மக்களைக் கேட்காமல் இவர்கள் கரையில் ஒருமுறை கை வைத்த கதை உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2003 அக்டோபர். ஆற்றில் வெள்ளம், சேன் லூயி நகரம் மூழ்கும் நிலை. அதிகாரிகள் அவசர அவசரமாக நகரத்துக்கு ஏழு கிலோமீட்டர் தெற்கே மணல்திட்டின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினார்கள், நான்கு மீட்டர் அகலம். வெள்ளம் வடிந்தது, நகரம் தப்பியது, அதை மறுக்க முடியாது. ஆனால் கடல் அந்த வாய்க்காலை விட்டுவைக்கவில்லை. சில நாட்களில் அகலம் பல பத்து மீட்டர், சில வாரங்களில் சில நூறு மீட்டர், பிறகு ஆண்டுகள் போகப்போக அகலம் கிலோமீட்டர் கணக்கானது. தெற்கே இருந்த பழைய முகத்துவாரம் மணல் மூடி அடைந்துபோனது. ஆறு கடலில் சேரும் இடத்தையே மனிதர்கள் ஒரே இரவில் மாற்றிவிட்டார்கள். அந்தத் திட்டின் மேல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், எந்த மணல் எப்போது நகரும் என்று தெரிந்தவர்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு இடமோ வேறு வழியோ சொல்லியிருப்பார்களா? எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டிருக்கவேண்டும் என்று மட்டும் தெரியும்.

அந்த நான்கு மீட்டர் வாய்க்கால் தின்ற ஊரின் பெயர் தூன் பாபா ஜேய். மீன்பிடித்தும் காய்கறி போட்டும் ஆடுமாடு வளர்த்தும் பல நூறு பேர் வாழ்ந்த ஊர். திட்டு அதைக் கடலிலிருந்து மறைத்துக் காத்துவந்தது. திட்டில் வாய் திறந்ததும் அலை நேரே ஊருக்குள் வந்தது. பத்து ஆண்டுகளுக்குள் ஊர் தண்ணீரில் போனது, மக்கள் உள்நிலத்துக்குச் சிதறிப்போனார்கள். காந்தியோல் பக்கத்து வெங்காய வயல்களில் உப்பு ஏறியது. புதிய வாயில் மணல்மேடும் அலையும் நாளுக்கு நாள் இடம் மாறுவதால் அதைத் தாண்டும்போது படகு கவிழ்ந்து மீனவர்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். பொறியாளர் போட்ட ஒரு கோடு, அதன் விலையை அந்தக் கோட்டைப் பார்த்தேயிராத குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிவருகின்றன.

2017, 2018இல் கடல் கெத்-இந்தாரையும் அதன் வடக்கே உள்ள பகுதிகளையும் நேரே அடித்தது. வீடுகள், பள்ளிச் சுவர்கள், பள்ளிவாசல் சுவர்கள் விழுந்தன, 3,200க்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். 2018 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் வந்து பார்த்தார், உதவி அறிவித்தார். அதே ஆண்டில் உங்கள் வங்கி 3 கோடி டாலர் ஒதுக்கியது. கரையில் கல் கொட்டித் தடுப்பு எழும்பியது. வீடிழந்தவர்கள் முதலில் கூடாரத்தில் இருந்தார்கள், பிறகு சுமார் பத்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஜூகோப்புக்குப் போனார்கள்: அங்கே முதலில் தற்காலிக வீடு, இப்போது நிரந்தர வீடு. கூடாரத்தில் வெயிலிலும் மணல் காற்றிலும் கிடந்தவர்களுக்குக் கதவும் கூரையும் கிடைத்தது நல்ல காரியம். அதற்கு உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த மடலை எழுதினால் அது நியாயம் ஆகாது.

ஆனால் அந்தப் பத்து கிலோமீட்டரை ஒரு நாளாவது மீனவனாக நடந்து பாருங்கள். எஞ்சினை, எரிபொருள் கேனை, வலையை ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு போக முடியாது, கரையில் வைத்தால் காவலுக்கு ஆள் வேண்டும். அலை எப்படி இருக்கிறது என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தவர், இனி வண்டிக் காசு கொடுத்துக் கரைக்கு வந்து பார்த்துவிட்டு, போகமுடியாவிட்டால் மறுபடி காசு கொடுத்துத் திரும்பவேண்டும். மீன் கிடைக்காத நாளில் அந்தக் காசு எங்கிருந்து வரும்? அதனால் என்ன நடக்கிறது என்றால், ஆண்கள் கரையிலேயே உறவுக்காரர் வீட்டில் ஒண்டிக்கொள்கிறார்கள், பெண்களும் பிள்ளைகளும் அங்கே. ஏற்கனவே நெரிந்து கிடக்கும் வளவு இன்னும் நெரிகிறது. குடும்பம் இரண்டாகிறது. பையன்கள் தாத்தாவோடும் மாமனோடும் கரையில் கிடந்து வலை முடிச்சு கற்றுக்கொண்ட காலம் போகிறது.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை, எங்கள் கரையில் கண்ணால் பார்த்தோம், அதிலும் உங்கள் வங்கி இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மறுகட்டுமானத்துக்கு உலக வங்கி கடன் கொடுத்தது. 2005 மார்ச்சில் தமிழக அரசு போட்ட ஆணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே நகர்ந்தால் புது வீடு, நகர மறுத்தால் பழைய வீட்டைப் பழுதுபார்க்கக்கூட அரசு உதவி கிடையாது என்றது. சென்னைக் கரையிலிருந்து செம்மஞ்சேரிக்குப் போன குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது, கடல் போனது. கரையிலேயே நின்றவர்கள் நிம்மதியாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. மெரினா லூப் சாலையில் மீன் விற்கும் பெண்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது, கடைகளை அகற்றச் சொன்னது. அவர்கள் சாலைக்கு வரவில்லை, சாலைதான் அவர்கள் கரைக்கு வந்தது. காகிதத்தில் கரை அவர்கள் பெயரில் இல்லாததால் அதைச் சொல்லிப் புரியவைக்கவே போராடவேண்டியிருந்தது. கெத்-இந்தார்க் கரையின் பட்டையைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பது இதனால்தான். அதே மணல்திட்டின் தெற்கே ஹைட்ரோபாஸ் பக்கம் விடுதிகள் நிற்கின்றன. இன்று ஆபத்தான பட்டை என்று மீனவனை எழுப்பிவிட்ட இடத்தில் நாளைக்கு நடைபாதையும் உணவகமும் வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஊருக்குப் பின்னால் இப்படி என்றால், முன்னால் கடலும் சுருங்குகிறது. சேன் லூயிக்கு எதிரே, கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில், மௌரித்தானிய எல்லைக் கோட்டின் மேல் எரிவாயு முனையம் நிற்கிறது. ஆழ்கடலில் 2015இல் கண்டுபிடித்த வாயுவை பிபி, கோஸ்மோஸ் நிறுவனங்களும் இரண்டு நாட்டு அரசு நிறுவனங்களும் சேர்ந்து எடுக்கின்றன. 2024இன் கடைசி நாளில் கிணறு திறந்தது, 2025 ஏப்ரலில் முதல் கப்பல் வாயு ஏற்றிக்கொண்டு போனது. அந்த இடத்துப் பக்கம்தான் ஜத்தாரா, கெத்-இந்தார்க்காரர்கள் தலைமுறையாகத் தூண்டில் போட்ட பார், மீன் கூடும் கடலடிப் பாறை. பார் என்றால் மீனவருக்கு என்ன என்று நம் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது பாதுகாப்பு வளையம், காவல் படகு, கிட்டே போகக்கூடாது. 2025 பிப்ரவரியில் ஒரு கிணற்றில் வாயு கசிந்து குமிழி வந்தபோது மீனவர்கள் பயந்ததற்கு யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வடக்கே போகலாம் என்றால் எல்லை. மீனுக்கு எல்லை தெரியாது, சாளைக் கூட்டம் பருவத்துக்கு ஏற்ப செனகலுக்கும் மௌரித்தானியாவுக்கும் நடுவே போய்வருகிறது. ஒரே நிர்வாகமாக இருந்த இடத்தில் இப்போது கோடு இருக்கிறது, உரிமம் இல்லாமல் தாண்டினால் பிடிப்பார்கள், சுடுவார்கள். 2018 ஜனவரியில் கெத்-இந்தார் இளைஞன் ஒருவன் மௌரித்தானியக் கடலோரக் காவல்படையின் தோட்டாவில் செத்தான், ஊர் கொந்தளித்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஆண்டு ஜூலையில் ஒப்பந்தம் போட்டு 400 படகுகளுக்கு உரிமம் தருவதாகச் சொன்னார்கள். எல்லை தாண்டிய மீனவன் மேல் துப்பாக்கிச் சூடு என்ற செய்தியை ராமேஸ்வரத்திலும் நாகையிலும் எத்தனை முறை படித்திருக்கிறோம் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கரையும் போய், பாரும் போய், வடக்கும் அடைபட்டால், அந்தப் படகும் அந்தக் கடல் அறிவும் எங்கே போகும்? ஐரோப்பாவுக்குப் பிழைக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்பெயினின் கேனரித் தீவுகளுக்குப் போகின்றன. 2006இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படகில் போய்ச் சேர்ந்தார்கள், 2024இல் நாற்பத்தாறாயிரத்துக்கும் மேல். போய்ச் சேராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஓட்டிப்போவது பெரும்பாலும் மீனவர்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் வழி தெரியும், நட்சத்திரம் தெரியும், அலை தெரியும். ஐரோப்பிய அரசுகள் ரோந்துக்குப் பணம் கொடுக்கின்றன. அதில் கொஞ்சம் கெத்-இந்தார் கரையில் தொழில் நிலைக்கச் செலவிட்டால் அந்தப் படகுகளில் பல சாளை தேடியே போகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடல் உயரவில்லை, யாரும் எங்கேயும் போகவேண்டாம் என்று நான் எழுதவில்லை. கடலுக்கு முன் வரிசையில் சின்னப் பிள்ளைகளைப் படுக்கவைப்பது ஆபத்து, அது ஊர்க்காரர்களுக்கும் தெரியும், பலர் தாங்களாகவே நகரக் கேட்டார்கள். படுக்கை உள்ளே போகட்டும். தொழில் கரையில் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போனதுதான் தவறு. கரையில் வலை வைக்க, எஞ்சின் பூட்டி வைக்க, இரவு படகுக்குக் காத்திருக்கும் ஆண்களும் பெண்களும் தலைசாய்க்க ஊர் நிர்வகிக்கும் கொட்டகைகள் வேண்டும். ஜூகோப்புக்கும் கரைக்கும் படகு வரும் நேரத்துக்கு ஓடும் வண்டி வேண்டும், அலுவலக நேரத்துக்கு இல்லை, அதன் கட்டணத்தை மீன் இல்லாத நாளிலும் கொடுக்கமுடியவேண்டும். மீன் பதப்படுத்தும் பெண்களுக்கான இடம் பற்றிய முடிவை அந்தப் பெண்களின் சங்கங்களோடு உட்கார்ந்து எடுங்கள், ஊர்ப் பெரியவர்களோடு மட்டும் பேசிவிட்டு முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

ஹார் யல்லாவையும் விடமுடியாது. 2015, 2016இல் கடல் அடித்து வீடிழந்த குடும்பங்களை அதிகாரிகள் 2016இல் அந்த இடத்தில் தற்காலிகம் என்று சொல்லி வைத்தார்கள். சுமார் ஆயிரம் பேர். மழை வந்தால் வெள்ளம் நிற்கும் இடம், மின்சாரம் இல்லை, பள்ளி இல்லை, மருத்துவமனை இல்லை என்று மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2025இல் விரிவாக எழுதியது. இவர்களை ஜூகோப் திட்டத்தில் சேர்க்கவில்லை, ஏனென்றால் உங்கள் திட்டம் 2017, 2018இல் வீடிழந்தவர்களுக்கும் இப்போது முன் வரிசையில் இருப்பவர்களுக்கும். ஒரே கடல், ஒரே மணல்திட்டு, ஒரே ஊர்ச் சொந்தங்கள். கடல் இவர்களை இரண்டு ஆண்டு முன்னால் அடித்தது என்பதற்காகப் பத்து ஆண்டு இருட்டில் இருக்கவேண்டுமா? இதில் ஆய்வு எதுவும் பாக்கி இல்லை, பெயர்ப் பட்டியலைத் திருத்தினால் போதும்.

ஆக, இரண்டு காகிதங்கள் கேட்கிறேன். காலியான கரைப் பட்டை மீன்பிடித் தொழிலுக்கு மட்டுமே, கெத்-இந்தார் சமூகத்தின் பொதுப் பொறுப்பில் என்று அரசிதழில் வரும் ஒரு ஆணை. ஹார் யல்லா குடும்பங்கள் நிரந்தரக் குடியமர்வுக்கு உரியவர்கள் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம். இரண்டையும் வோலோஃப் மொழியில் எழுதிப் பாலத்தடியிலும் மீன் இறங்குதளத்திலும் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் படித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து ஒருத்தி